ஆறாம் வார்த்தைக்குப் பிறகு

"அக்கா, என் சந்தோஷம் போயிட்டு. நாளைக்கு ஈஸ்டர் பாட்டை நான் பாட மாட்டேன். போதகர் ஐயாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

வந்ததும் வராததுமாக மாசிலாமணி இதைத்தான் சொன்னார். உட்காரக்கூட இல்லை.

தபீத்தாள் அக்கா கோவிலுக்குப் பின்னால் குத்தவைத்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் பெரிய வெள்ளி. ஆராதனை முடிந்து சபை முழுக்கக் குடித்த கஞ்சி அந்த அண்டாவில்தான் காய்ந்தது. அடி நன்றாகப் பிடித்திருந்தது.

அக்கா என்றால் மூத்தவர் இல்லை. மாசிலாமணியைவிடப் பத்து வயசாவது இளையவர். ஆனால் ஊரில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். ஜெபம் பண்ணுவார். சில நேரம் திட்டவும் செய்வார்.

"சந்தோஷம் எப்போ போச்சு?"

"நேத்து."

"எங்க வச்சு?"

"கோவில்ல வச்சுதான்."

"அப்போ இங்கதான் எங்கயாவது கிடக்கும். அந்த நாரை எடுங்க அண்ணாச்சி. தேடிக்கிட்டே தேய்ப்போம்."

மாசிலாமணி முணுமுணுத்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷனுக்கு நல்ல குரல். பெரிய வெள்ளியன்று, சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரசங்கம் நடக்கும். ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும் ஒரு பாட்டு. ஆறாம் வார்த்தை 'முடிந்தது'. அதற்குப் பிறகு வரும் பாட்டு, மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே மாசிலாமணியுடையது. இந்த வருஷம் போதகர் அதைத் தூக்கி அருமைநாயகத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்த ஊர் மின்சார வாரியத்துக்கு மாற்றலாகி இப்போதுதான் வந்த ஆள். பொறுக்குமா?

"வயித்தெரிச்சல்னு நினைச்சிராதிய அக்கா."

"நான் நினைக்கல. நீங்கதான் சொல்லுதிய."

"அந்த ஆளுக்கு முறை தெரியல. அதத்தான் சொல்லுதேன். நான் பாடி முடிச்சா சனங்க வந்து, 'அண்ணாச்சி, உருக்கிட்டிய'ம்பாக. நான் என்ன சொல்லுவேன்?"

"கர்த்தருக்கே மகிமை."

"சொல்லுவேனா, மாட்டேனா?"

"ஒரு வருஷம் விட்டதில்ல. வலது கையை மேல தூக்கிச் சொல்லுவிய."

"அந்த ஆளைக் கையைப் பிடிச்சுப் பாராட்டுதாக. வாயத் திறக்கல அக்கா! தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கஞ்சி ஊத்தப் போயிட்டாரு. மகிமையை யாருக்குச் செலுத்தணும்னுகூடத் தெரியாத ஆளு."

"பாட்டு எப்படி?"

நார் அண்டாவில் வேகமாக ஓடியது.

"பரவாயில்ல."

"சனங்க அழுதாகளோ?"

"அழுதாக."

"நீங்க?"

"நான் எங்க அழ? யார் யாரெல்லாம் அழுதாகன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று அவருக்கே உறைத்தது. முகம் சுட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"பொம்பளையாள் பக்கம் பூரா அழுகை. என் வீட்டுக்காரிகூட அழுதா அக்கா! இத்தனை வருஷம் பாடுதேன். என் பாட்டுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பாளா? அந்த ஆளு பாட்டுக்கு, முந்தானையை வாயில பொத்திக்கிட்டு, அப்படியே குலுங்கிக் குலுங்கி..."

அக்காவின் கை நின்றது.

"யாரு? குணசீலியா?"

"ஆமா."

"குணசீலி அழுதாளா?"

"அதத்தானே சொல்லுதேன்!"

அக்கா இருந்த இடத்திலேயே, அந்தச் சாம்பல் தண்ணியிலேயே முழங்கால் போட்டார். கரி அப்பிய இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"கர்த்தருக்கே மகிமை."

பாதிதான் வெளியே வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, அங்கே ஒட்டியிருந்த சாம்பலைக் கரைத்துக்கொண்டு ஓடியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

மாசிலாமணி கையில் நாரோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் பியூலா மஞ்சக்காமாலையில் போனதிலிருந்து குணசீலி அழவில்லை. அடக்கத்தன்றும் அழவில்லை. சோறு பொங்குவாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், அவ்வளவுதான். 'ஒரே ஒரு தடவை அவ அழுதாப் போதும் அக்கா, இல்லேன்னா அவளும் என்னை விட்டுப் போயிருவா' என்று இதே கோவிலில், இதே அக்காவிடம் வந்து கதறியது யார்? மாசிலாமணிதான். வெள்ளிக்கிழமை தவறாமல் பச்சைத் தண்ணி பல்லில் படாமல் இரண்டு பேரும் உபவாச ஜெபம் பண்ணியது எதற்கு? இதற்குத்தான்.

ஐயோ, இதற்குத்தானே!

"அண்ணாச்சி," என்றார் அக்கா, எழுந்திருக்காமலே. "நேத்து சொன்னியளா?"

"என்ன அக்கா?"

"நான் இப்போ சொன்னதை."

மாசிலாமணி அண்டாவுக்குள் குனிந்துகொண்டார். உள்ளே தேய்க்கிற இடம் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அவ அழும்போது பக்கத்துல போனியளா?"

"இல்ல."

"இப்போ என்ன செய்யுதா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"நேத்துலேருந்து நான் அவகிட்ட பேசல அக்கா."

சொல்லி முடித்ததும், பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. அக்கா திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை.

அக்கா திட்டவில்லை. மாசிலாமணி கையிலிருந்த நாரை வாங்கிக்கொண்டார்.

"மீதியை நான் தேய்ச்சுக்கிடுதேன். ஈஸ்டர் பாட்டை யாரும் பாடட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க."


குணசீலி பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் வீங்கியிருந்தது. மடியில் பியூலாவின் தலை ரிப்பன்.

மாசிலாமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"நேத்து... ஆறாம் வார்த்தைக்குப் பிறகு... அருமைநாயகம் நல்லாப் பாடினாரு, என்ன?"

அந்த ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

குணசீலி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுகளா பாடினாக? நான் பாக்கலியே. 'முடிந்தது'ன்னு ஐயா சொன்னாகல்லா? அதுக்குப் பிறகு எனக்குப் பிள்ளை முகந்தான் தெரிஞ்சுது."

மாசிலாமணியின் வலது கை தானாக மேலே போனது. பழக்கதோஷம். எப்போதும் வருகிற வார்த்தை மட்டும் வரவில்லை.

தூக்கிய கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

குணசீலி படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.