கொதிநீரில் வைத்த குப்பி

மக்காச்சோளத்தை மேயும் படைப்புழுவைக் கொல்லும் புரதம் ஒன்று தான் வளர்க்கும் பாக்டீரியாவில் இருக்கிறது என்று இசக்கிமுத்து நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் ஆராய்ச்சிக்கு வந்த மனுஷன். வெள்ளிக்கிழமை அவருடைய ஆராய்ச்சியை மதிப்பிடும் தேர்வுக் குழு கூடுகிறது. அங்கே தவறினால் பழையபடி சாக்பீஸ்தான்.

திங்கட்கிழமை காலை, வழிகாட்டி ஜெசிந்தா மேடத்தின் மேஜையில், புரதங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தை வைத்தார். அதில் தடியாக ஒரு கறுப்புப் பட்டை.

“புரதம் இதோ இருக்கு மேடம். பாக்டீரியாச் சாறு தடவின இலையைத் தின்ன முப்பது புழுவும் செத்துப்போச்சு. தண்ணி தடவின இலையில எல்லாம் உசுரோட இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? எப்பத்தான் நம்பலாம்?”

“கொன்னது இந்தப் புரதம்தானா?”

“வேற யாரு மேடம்?”

ஜெசிந்தா குளிர்பெட்டியைத் திறந்து கடைசிச் சாற்றுக் குப்பியை எடுத்தார். பாதிச் சாற்றை வேறொரு குப்பியில் ஊற்றி, கொதிக்கிற தண்ணீரில் வைத்துவிட்டார்.

“ஐயோ மேடம்! மிச்சம் இருந்ததே அவ்வளவுதான்!”

“தெரியும். கொதிச்சா புரதம் முட்டை மாதிரி வெந்துபோயிரும். வெந்த பிறகும் கொன்னுச்சுன்னா, கொலைகாரன் வேற ஆள்.”

வேற ஆள் என்றால் இசக்கிமுத்துவின் நாலு வருஷமும் மண்ணாய்ப் போகும்.

குழி குழியான இரண்டு தட்டுகளில் இலைத்துண்டுகள்; கொதிக்காத பச்சைச் சாறு தடவினது ஒன்றில், வெந்த சாறு தடவினது மற்றதில். ஒன்றையொன்று தின்றுவிடும் ஜாதி என்பதால் குழிக்கு ஒரு புழு. செவ்வாய்க்கிழமை முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன் காலை தட்டுகளை எடுத்தார். பச்சைச் சாற்றில் எல்லாப் புழுவும் கறுத்துக் கிடந்தது. வெந்த சாற்றுத் தட்டில் மூடியெல்லாம் நீர் கோத்திருந்தது. உள்ளே ஒரு அசைவும் தெரியவில்லை.

போச்சு, எல்லாம் போச்சு.

மூடியைத் திறந்து இலைத்துண்டைப் புரட்டினார். அடியில் கொழுகொழுவென்று ஒரு புழு தலையைத் தூக்கியது. அடுத்த குழியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். இலையெல்லாம் ஓட்டை, குழியெல்லாம் எச்சம்.

“தின்னு ராசா, நல்லாத் தின்னு!” என்றார் வாய்விட்டு.

பின்னால் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தார். இசக்கிமுத்து அசடு வழியக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்போ நம்பலாமா மேடம்?”

“நம்பலாம். நாலு வருஷமா புழு சாகணும்னு வேண்டினீங்க. இந்த ரெண்டு நாள்தான் அது பிழைக்கணும்னு வேண்டியிருக்கீங்க. வெள்ளிக்கிழமை குழு முன்னாடி, இந்த ரெண்டு நாளை முதல்ல சொல்லுங்க.”