நாலு பேர் கேம் பொறுக்கிய ஞாயிற்றுக்கிழமை

கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் தில்லைநாயகத்துக்கு, அவருடைய நண்பர்கள் வட்டத்தில் மூளைக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான், விடாமல் சொல்லிச் சொல்லி நிலைநாட்டியதும் அவர்தான். இந்தக் கதையைப் பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லித் தன்னைத்தானே கேலி செய்துகொள்வதும் அவரேதான். அதனால் நாம் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வட்டம் என்றால் மொத்தம் நாலு பேர். பத்தாவது முடித்த கையோடு ஒரே பாலிடெக்னிக்கில் சேர்ந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பரீட்சையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, நாலு பேரும் ஒன்றாக ஃபெயில் ஆனவர்கள். காதர் மைதீன் லாரி பார்சல் ஆபீஸில் மேனேஜர். சவரிமுத்து பால் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். உத்தண்டராமனுக்கு மத்திய அரசு வேலை. கடற்கரையோரம் கலங்கரை விளக்குகளுக்குக் கரண்ட் வேலை பார்க்கிறவர்.

அந்த உத்தண்டராமனுக்கு அந்தமானுக்கு மாற்றல் வந்துவிட்டது. மூன்று வருஷம். செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும்.

தில்லைநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. போன தீபாவளிக்கு நாலு பேரும் அவர் வீட்டில்தான் கூடினார்கள். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு செல்போனை எடுத்தார்கள், மூன்று மணி நேரம் கழித்து “ரொம்ப நல்லா இருந்துச்சுவே” என்று எழுந்து போனார்கள். காபி தம்ளர் எடுக்க வந்த மனைவி வடிவாம்பாள், “யாருக்காச்சும் எதுவும் ஆயிருச்சாங்க?” என்று விசாரித்தாள். கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அப்படிப் போய்விட்டால், அந்தமானில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்க உத்தண்டனிடம் மூன்று செல்போன்களின் முதுகுதான் இருக்கும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் கோமுவிடம் போனில் புலம்பினார். அவள் தன்னிடம் சும்மா கிடந்த வீடியோ கேம் பெட்டியையும், கூடவே ஆறு கேம்களையும் பார்சலில் போட்டுவிட்டாள்.

“மாமா, ஆறுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. டப்பா மேலயே எல்லாம் போட்டிருக்கும். எத்தனை பேர்னு பாருங்க, வயசைப் பாருங்க. உங்க கூட்டத்துக்குப் பார்ட்டி கேம்தான் சரிப்படும்.”

“மாமா கிட்ட விட்டுட்டேல்லா, கவலைய விடு” என்றார் தில்லைநாயகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாலு பேரும் டிவிக்கு எதிரே ஆஜர். காதர் மைதீன் தன் ஆபீஸுக்கு வந்த அட்டைப்பெட்டியைத் தானே சுமந்து வந்திருந்தார். பெட்டியில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி போட்டிருந்ததால், ஆட்டோவில் ஏறாமல், அம்பு வானத்தைப் பார்த்தபடி இருக்க, ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தே வந்துவிட்டார்.

ஆறு டப்பாக்களையும் வரிசையாக வைத்தார்கள். அதில் மூன்றில் ‘பார்ட்டி கேம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தில்லைநாயகம் மற்றதை ஒதுக்கப் போனார்.

“இரும்வே” என்றார் சவரிமுத்து. “பார்ட்டின்னா எந்தப் பார்ட்டி?”

எல்லோரும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கொடி எதுவும் இல்லை.

“நான் ஒரு கட்சி, காதர் ஒரு கட்சி. எலெக்‌ஷன் சமயத்துல ரெண்டு மாசம் பேசாமக் கெடந்தோம். இப்பத்தான் சரியாயிருக்கு. இத ஆடி மறுபடியும் கெடுத்துக்கணுமா?”

“எனக்கு அது மட்டும் இல்ல” என்று உத்தண்டராமன் குரலைத் தாழ்த்தினார். “நான் சென்ட்ரல் கவர்ன்மெண்ட். பார்ட்டில சேரக்கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. ஆடுனேன்னு யாராவது எழுதிப் போட்டா அந்தமானும் போயிரும்.”

தில்லைநாயகம் பதறிவிட்டார். ஒரு நண்பனை வழியனுப்பப் போய் அவன் வேலைக்கே உலை வைக்க இருந்தோமே என்று நினைத்தார். மூன்று பார்ட்டி கேம்களையும் யார் கண்ணிலும் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மிச்சம் மூன்று. எத்தனை பேர் என்று பார்க்கச் சொல்லியிருந்தாள் அல்லவா, பார்த்தார்கள். ஒன்றில் ‘1’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘2-4’. மூன்றாவதில் ‘2-8’. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் ஆள் படம்.

“இதுல பேர் எங்க இருக்கு? இது டைம்லா” என்றார் காதர் மைதீன். “எங்க ஆபீஸ் போர்டுலயும் இப்பிடித்தான் போட்டிருக்கும். ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் டெலிவரி.”

“அப்ப அந்த ஆள் படம்?”

“அந்த நேரத்துல ஆள் இருப்பாங்கன்னு அர்த்தம்.”

எந்தக் குறையும் இல்லாத விளக்கம் என்று தில்லைநாயகத்துக்குப் பட்டது. ‘1’ என்று போட்ட டப்பாவை உடனே தள்ளிவிட்டார்கள். சரியாக ஒரு மணிக்குத் திறந்து ஒரு மணிக்கே மூடிவிட்டால் யாரால் ஆட முடியும்? ‘2-4’ இரண்டு மணி நேரம்தான். ‘2-8’ ஆறு மணி நேரம் தாராளமாக ஓடும். அதையே எடுத்துக்கொண்டார்கள். அப்போது மணி ஒன்பதரை. இரண்டு மணி வரை காத்திருப்பது என்று முடிவானது.

“வயசையும் பாக்கச் சொன்னா” என்று ஞாபகப்படுத்தினார் தில்லைநாயகம்.

நாலு பேருக்கும் நாற்பத்தாறு. டப்பாவில் நாற்பத்தாறைத் தேடினார்கள். எங்கேயும் இல்லை. கீழ் மூலையில் ‘12+’ என்று மட்டும் இருந்தது.

அதைப் பார்த்ததும் உத்தண்டராமனின் முகம் வாடிவிட்டது. “பிளஸ் டூ கேக்கானுவோ” என்றார்.

நாலு பேரும் பத்தாவதோடு பாலிடெக்னிக் போனவர்கள். முப்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வியை ஒரு டப்பா கேட்டுவிட்டது.

“டிப்ளமாவ ஈக்குவலா எடுத்துக்க மாட்டானா?” என்று சவரிமுத்து மெதுவாகக் கேட்டார்.

“வெறும் பன்னெண்டுன்னா எடுத்துப்பான். பிளஸ் போட்டுல்லா வச்சிருக்கான்.”

அடுப்படியிலிருந்து வடிவாம்பாள் எட்டிப் பார்த்தாள். “அது வயசா இருக்கும் அண்ணே. பன்னெண்டு வயசுக்கு மேல உள்ளவங்க ஆடலாம்னு.”

நாலு பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “பன்னெண்டு வயசுக்காரன் நாலு பேர் வந்தா ஆடட்டும் தங்கச்சி. நாங்க நாப்பத்தாறு” என்றார் காதர்.

வடிவாம்பாளுக்கு இருபது வருஷ அனுபவம். அதற்கு மேல் வாதாடவில்லை. “நான் பிளஸ் டூ பாஸ். ஆயிரத்து நாப்பத்தொண்ணு மார்க். அது ஆகுமா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆகும் என்றார்கள். மார்க் ஷீட்டின் ஜெராக்ஸை எடுத்து வந்து, கேம் பெட்டியின் கண்ணில் படும்படி டிவிக்கு முன்னால் சாய்த்து வைத்தார்கள். ஒரு ஆளின் படிப்பில் நாலு பேர் ஆடலாமா என்ற சந்தேகத்துக்கு, குடும்பக் கார்டு மாதிரி நினைத்துக்கொள்ளலாம் என்று தில்லைநாயகம் தீர்ப்புச் சொன்னார்.

இப்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார்கள். ‘கோ-ஆப்’ என்று இருந்தது. சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இத மொதல்லயே சொல்லக்கூடாதா? கூட்டுறவு. இதுக்கு முறை இருக்குவே. சங்கம் அமைக்கணும், நிர்வாகக் குழு வேணும், மினிட் புக் வேணும். சும்மா உக்காந்து ஆடுனா பதிவு ரத்தாயிரும்.”

இரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்ததால் சங்கம் அமைத்தார்கள். தில்லைநாயகம் தலைவர். காதர் துணைத் தலைவர். சவரிமுத்து செயலாளர். உத்தண்டராமன் இயக்குநர். ‘இந்தச் சங்கம் கேம் ஆடலாம்’ என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, கையெழுத்தும் வாங்கியாயிற்று. பிறகுதான் சவரிமுத்து தலையைச் சொறிந்தார்.

“நாலு பேரும் நிர்வாகியாயிட்டோம். உறுப்பினர்னு ஒருத்தரும் இல்லியே. நிர்வாகி மேற்பார்வைதான் பாக்கலாம், ஆடுறது உறுப்பினர்லா.”

வேறு வழியில்லை. நாலு பேரும் பதவி விலகினார்கள். ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளத் தலைவர் இல்லாததால், வடிவாம்பாளைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கரண்டியைக் கீழே வைக்காமல் இடது கையால் போட்டாள்.

சாப்பாடு முடிந்தது. சரியாக இரண்டு மணிக்கு, பிளஸ் டூ பாஸ் செய்தவள் என்ற முறையில், வடிவாம்பாளே கேம் பெட்டியின் ஒயரைச் செருகி, டப்பாவில் இருந்த கேம் சிடியைப் போட்டு, சுவிட்சையும் தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்று கிளம்பியும் போய்விட்டாள்.

டிவியில் மலை, காடு, ஆறு எல்லாம் வந்தது. தில்லைநாயகம் ஆளுக்கொரு கன்ட்ரோலரைக் கொடுத்தார். கொப்புளம் கொப்புளமாகக் காற்றடைத்த பிளாஸ்டிக் தாளில் ஒவ்வொன்றையும் கோமு சுற்றி அனுப்பியிருந்தாள். உத்தண்டராமன் தாளைப் பிரிக்கப் போக, காதர் மைதீன் பாய்ந்து கையைப் பிடித்தார்.

“பிரிக்காதீரும். சரக்கு எப்பிடி வந்துச்சோ அப்பிடியே திரும்பணும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு டேமேஜ் கிடையாது எனக்கு.”

தாளோடு பிடித்துக்கொண்டார்கள். ‘ஏ பட்டனை அழுத்தவும்’ என்று டிவியில் வந்தது. நாலு பேரும் தாளுக்கு மேலேயே அழுத்தினார்கள். பட் என்று சத்தம் கேட்டது.

“ஆன் ஆயிருச்சு” என்றார் தில்லைநாயகம்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தானாகவே ஆரம்பித்தது. மலைப்பாதையில் நாலு ஜீப்புகள். உத்தண்டராமன் மஞ்சள், சவரிமுத்து சிவப்பு, தில்லைநாயகம் பச்சை, காதர் நீலம். நாலு பேரும் எழுந்து நின்று அழுத்தினார்கள். பட், பட், பட் என்று வீடு முழுக்கச் சோளப்பொரி பொரிவது போலச் சத்தம். வளைவு வந்தால் உடம்பையும் வளைத்தார்கள். பள்ளம் வந்தால் குதித்தார்கள். சவரிமுத்து ஒரு திருப்பத்தில் சோபாவோடு சாய்ந்துவிட்டார். ஆனாலும் சிவப்பு ஜீப் சாயவில்லை. “கையி கன்ட்ரோல்ல இருக்குவே” என்று படுத்தபடியே சொன்னார்.

உத்தண்டராமன் முதலாவது வந்தார். சவரிமுத்து இரண்டாவது. தில்லைநாயகம் மூன்றாவது. காதர் மைதீன் மூன்றாம் வளைவில் ஜீப்போடு ஆற்றில் விழுந்தார்.

“இன்னொரு ஆட்டம்” என்றார் காதர்.

அடுத்த ஆட்டத்திலும் உத்தண்டராமன் முதலாவது, சவரிமுத்து இரண்டாவது, தில்லைநாயகம் மூன்றாவது. காதர் அதே வளைவில், அதே ஆற்றில். மூன்றாவது ஆட்டம், நாலாவது ஆட்டம் என்று போய்க்கொண்டே இருந்தது. காதர் வேகமாக அழுத்திப் பார்த்தார், மெதுவாக அழுத்திப் பார்த்தார், வளைவுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். ஆறு அவரை விடவில்லை. தில்லைநாயகமோ, ஒவ்வொரு தடவையும் தான் இன்னும் நேர்த்தியாக மூன்றாவது வருவதாக உணர்ந்தார். கட்டைவிரலைக் கொஞ்சம் சாய்த்து அழுத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

முக்கியமான விஷயம், அன்றைக்கு ஒருவரும் செல்போனைத் தொடவில்லை. சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் இடித்தார்கள், வேர்த்து வழிந்தார்கள். காதர் இருபத்தாறாவது தடவை ஆற்றில் விழுந்தபோது உத்தண்டராமன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அப்புறமும் துடைத்துக்கொண்டே இருந்தார். அது சிரிப்பினால்தானா என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குக் கோமு வீடியோ காலில் வந்தாள். “என்ன மாமா, விளையாடுறீங்களா?”

“மூணு மணி நேரமா, கோமு. மாமா கிட்டத்தட்ட எக்ஸ்பர்ட் ஆயிட்டேன்.”

“எங்க, டிவிய காட்டுங்க.” காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “மாமா, மேல மூலையில ‘டெமோ’ன்னு போட்டிருக்கே, தெரியுதா?”

“மொதல்லேர்ந்தே இருக்கு.”

“கன்ட்ரோலரைக் காட்டுங்க.” காட்டினார். தாளில் இருந்த கொப்புளம் எல்லாம் தட்டையாகிக் கிடந்தது. “மாமா, கன்ட்ரோலர் ஆனே ஆகல. நீங்க யாரும் ஆடல. யாரும் தொடலேன்னா பெட்டி சும்மா ஆடிக் காட்டும், அதத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருக்கீங்க.”

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிட்டாள். நாலு பேரும் உட்கார்ந்தார்கள். டிவியில் நீல ஜீப் மறுபடியும் ஆற்றில் விழுந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் உத்தண்டராமன். “அப்ப நான் ஜெயிச்சது?”

“ஜெயிச்சது ஜெயிச்சதுதான்” என்றார் சவரிமுத்து. “மஞ்சள் ஒம்மதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டோம்லா.”

தில்லைநாயகம் மட்டும் முகவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். மூளைக்காரர் அல்லவா, அவருக்கு ஒரு வெளிச்சம் பட்டது.

“கன்ட்ரோலர் வேண்டாம்னு இப்பத் தெரிஞ்சு போச்சு” என்றார். “கன்ட்ரோலர் வேண்டாம்னா பக்கத்துல இருக்கவும் வேண்டாம். உத்தண்டன் அந்தமான்லேருந்தே ஆடலாம்லா?”

மற்ற மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அப்படி ஒரு மரியாதையோடு அவரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

கேம் பெட்டியை இவர்களிடம் இருந்து திருப்பிக் கேட்கக் கோமுவுக்கு மனசு வரவில்லை. அதனால் இப்போதெல்லாம் ஞாயிறு இரண்டு மணி ஆனால் போர்ட் பிளேயரிலிருந்து போன் வந்துவிடும். இங்கே மூன்று பேர் நின்றுகொண்டு குதிப்பார்கள். “வளைவு வருது, சாயும்” என்று தில்லைநாயகம் போனில் சொல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் உத்தண்டராமன் சாய்வார். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். வெற்றி தோல்வியைச் சவரிமுத்து மினிட் புக்கில் ஏற்றிவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கோவில்பட்டியில் கரண்ட் போய்விட்டது. டிவி கருப்பாக நின்றது. அந்தமானில் அது தெரியாமல் உத்தண்டராமன் ஓடி, சாய்ந்து, குதித்து, ஆட்டத்தை முடித்து மூச்சு வாங்கக் கேட்டார்.

“எத்தனாவது வந்தேன்வே?”

தில்லைநாயகம் கருப்பு டிவியைக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார்.

“நீருதான் ஃபர்ஸ்ட்” என்றார். “ஆனா இன்னைக்குக் காதர் விழல.”

காதர் மைதீன் அன்று சாயங்காலம் தெரு முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தார்.