தங்கம் ஏன் பேசுவதில்லை

அந்தக் காலத்தில் காக்கையும் நரியும் மட்டுமில்லை, இரும்பும் பித்தளையும்கூடப் பேசும். அத்தனையிலும் தங்கத்தின் சொல்லுக்குத்தான் மதிப்பு. பொய் சொல்லத் தெரியாது அதற்கு. ஆனால் கர்வம் உண்டு, நல்ல பேர் வாங்கியவர்களுக்கெல்லாம் வருமே, அந்தக் கர்வம். இது சிரிக்கிற கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வைரவ பத்தர் என்று ஒரு தட்டார் இருந்தார். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் வடிவு. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஒரு ஜோடி வளையல் செய்ய உட்கார்ந்தார். அதுவரை ஊரில் எல்லோரும் கலப்பில்லாத தங்கத்தில்தான் நகை செய்துகொண்டார்கள். அழகாகத்தான் இருக்கும், பத்து நாளைக்கு. அப்புறம் குடம் தூக்கினால் நசுங்கும், மாவு ஆட்டினால் கோணும். மனைவியின் வளையலை எத்தனையோ தடவை தட்டி நிமிர்த்தியிருக்கிறார் பத்தர். கடைசியில் அது ஒடிந்து ஆற்றோடு போனது.

அதனால் இந்தத் தடவை தங்கம் உருகும்போது, பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பை எடுத்து அதில் போட்டார்.

"என்ன பத்தரே இது, போயும் போயும் செம்போடா என்னைச் சேர்க்கிறீர்?" என்றது தங்கம்.

"கோவிச்சுக்காதே. உன்கிட்ட மினுக்கு இருக்கு, உறுதி இல்லை. என் பொண்ணோடது வேலை செய்யிற கை. அவ கையிலே நீ நிலைச்சு நிக்கணும்."

தங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

வளையல் முடிந்ததும் பத்தர் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "அழுக்குப் பிடிச்சா பூந்திக்கொட்டைத் தண்ணியிலே ஊற வச்சு மெதுவாத் தேய்மா. சாம்பல் போட்டுத் தேய்க்காதே, கீறிடும். கழட்டி வச்சா மத்த நகையோட போடாம தனியாத் துணியிலே சுத்தி வை."

வடிவு தலையாட்டினாள். அன்றைக்கு முழுக்க அவள் அந்த வளையலைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

முகூர்த்தத்துக்கு முன்னால் நகைத் தட்டைச் சபையில் வைத்து, மாப்பிள்ளையின் தாய் ஒவ்வொரு நகையையும் கேள்வி கேட்பது அன்றைய வழக்கம். நகைதான் பதில் சொல்லும். அது முடிகிறவரை பெண்வீட்டார் வாய் திறக்கக் கூடாது. பத்தர் கவலையில்லாமல்தான் நின்றார். தங்கம் உள்ளதைச் சொல்லும் என்று நம்பியிருந்தார்.

மாப்பிள்ளையின் தாய் குப்பம்மாள் வளையலை எடுத்தாள். "உன்னிலே கலப்பு உண்டா?"

"உண்டு. செம்பு இருக்கிறது."

அதோடு நிறுத்திக்கொண்டது. எதற்காகச் சேர்த்தார் என்று இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. செம்போடு சேர்த்த கோபம் போகவில்லை அதற்கு. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

"பெத்த பொண்ணுக்கே கலப்படம் பண்றவன், ஊருக்கு என்னதான் பண்ணியிருக்க மாட்டான்?" என்றாள் குப்பம்மாள்.

"அது உறுதிக்காகம்மா..." என்று பத்தர் ஆரம்பித்தார். யாரும் காதுகொடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாலையும் கழுத்துமாக வடிவு மணையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். எழுந்திரு என்று சொல்ல அம்மாவும் இல்லை.

அப்புறம் பத்தரிடம் ஒரு மூக்குத்தி செய்யக்கூட யாரும் வரவில்லை. திருடன் என்ற பேரோடு மறு வருஷம் அவர் செத்துப்போனார். வடிவைக் கேட்டு யாரும் வரவில்லை. அவள் கூலிக்கு நெல் குத்தினாள். அப்பா செய்தது என்று வளையலை மட்டும் கழற்றவில்லை. உலக்கை பிடித்த கையில் அது துளிகூடக் கோணவில்லை.

ஒருநாள் அவள் வளையலைப் பார்த்துக் கேட்டாள். "அப்பா மனசு உனக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லலே?"

தங்கத்துக்குத் தாங்கவில்லை. வடிவு போகிற இடத்திலெல்லாம், களத்திலும் கிணற்றடியிலும், வருவோர் போவோரிடம் சொல்லி அழுதது. "பத்தர் திருடவில்லை. நான் நசுங்காமல் இருக்கத்தான் செம்பு சேர்த்தார்." குப்பம்மாள் வாசலிலும் சொன்னது.

"கலப்புத் தங்கம் பேசுறதை எவ நம்புவா?" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வடிவு திரும்பி நடந்தாள். "விடு. இனிமே யாருகிட்டச் சொல்லி என்ன? அப்பா எழுந்து வரப்போறாரா?"

அதற்கப்புறம் எங்கேயும் தங்கம் பேசவே இல்லை.

வடிவின் வளையல் கோணாமல் இருப்பதைப் பார்த்து ஊர்க்காரர்களும் தங்கள் நகைகளில் செம்பு சேர்த்துக்கொண்டார்கள். பத்தர் பேரை ஒருவரும் எடுக்கவில்லை. அன்று தொடங்கித்தான் தங்கத்திடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உரைகல்லில் உரசித்தான் பார்க்கிறோம், உரசும்போதெல்லாம் அது கொஞ்சம் தேய்கிறது, வாய் திறப்பதில்லை.