விரலா, வளையமா?

ஒரகடத்தில் கைபேசிக்கு ஜூம் கேமரா செய்யும் தொழிற்சாலையில், இசக்கியம்மாளுக்கும் இன்னும் ஐந்து பெண்களுக்கும் சோதனை மேசையில் வேலை. புதுக் கேமரா விரல்நகம் அளவுதான். ஆனால் வெளிச்சத்தைப் பார்த்துப் படம் எடுத்தால் குறுக்கே வெள்ளையாக ஒரு கீற்று விழுந்தது.

வடிவமைப்புத் தலைவர் கஜேந்திரவரதன் கத்தினார். "எல்லாம் நீங்க லென்ஸைத் தொட்ட விரல் கறை! மூணு மணிக்கு வாங்குறவங்க வர்றாங்க. கீற்று போகலன்னா ஆறு பேரும் நாளைக்கு வர வேண்டாம்."

"சார், உள்ள இருக்கிற வளையம்..." என்றாள் இசக்கி.

"என் டிசைனைப் பத்திப் பேச நீ யாரு?"

ஆறு பெண்களும் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். கீற்று போகவில்லை. மூன்று மணிக்கு வாங்குகிறவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.  இசக்கி எழுந்தாள்.

"சார், எங்களுக்குத் துடைக்கத் தெரியல. நீங்களே ஒண்ணு துடைச்சு மாட்டிக் காட்டுங்க. பார்த்துக் கத்துக்கிறோம்."

விருந்தினர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. கையுறை போட்டுத் துடைத்தார், மாட்டினார், படம் எடுத்தார். திரையில் அதே கீற்று.

"உங்க விரலும் எங்க விரல் மாதிரிதானா சார்?"

வந்தவர்களில் ஒரு அம்மா சிரித்துவிட்டார். "அப்போ காரணம் என்னம்மா?"

இசக்கி லென்ஸ்களுக்கு நடுவிலிருந்த பளபளப்பான வளையத்தைக் கழற்றி, அதன் உள்விளிம்பில் கறுப்பு மார்க்கரை ஒரு சுற்றுச் சுற்றினாள். பொருத்தும்போது பயத்தில் இரண்டு தடவை நழுவியது. படம் எடுத்தாள். கீற்று இல்லை.

"வளையத்துல பட்டுத் தெறிச்ச வெளிச்சம்ங்க அது."

"இதைப் பளபளன்னு வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார் அந்த அம்மா.

ஆறு பெண்களும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கஜேந்திரவரதன் மும்முரமாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.