மில்லுச் சங்கு

‘பால்வாடி முதல் பட்டம் வரை’ என்று எழுதிய பேனருக்குக் கீழே, மில் கேட்டுக்கு எதிரே போட்ட மேடையில் மில் முதலாளி வேலாயுதசாமி உட்கார்ந்திருந்தார். ஊர்க் கல்வி அறக்கட்டளைக்கும் அவர்தான் தலைவர். வருசா வருசம் பால்வாடி முடிக்கும் பொடிசுகளுக்குக் கறுப்புப் பட்டமளிப்பு அங்கி மாட்டிப் போட்டோ எடுப்பது அவர் கொண்டுவந்த வழக்கம். வெயிலில் பிள்ளைகள் வெந்தால் அவருக்கென்ன.

விழாவுக்கு வந்த கலெக்டரம்மா மேடையில் மாட்டியிருந்த முதல் வருசப் போட்டோவைப் பார்த்தார். “இந்தப் பிள்ளைங்க இப்ப நிஜமாவே பட்டம் வாங்கியிருப்பாங்களே. பார்க்கலாமா?”

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். பழியைப் போட ஆள் தேடினார். பால்வாடி ஆயா செவனம்மாள் அகப்பட்டாள்.

“பிள்ளைங்களுக்கு இவதாம்மா பொறுப்பு. ஏய், அவங்க இப்பவே மேடைக்கு வரணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து நீ வரவேணாம்.”

செவனம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “வந்துருவாங்க முதலாளி. மில்லுச் சங்கை மட்டும் ஊதச் சொல்லுங்க.”

அவர் வாயைத் திறக்குமுன் கலெக்டரம்மா, “ஊதச் சொல்லுங்க” என்றார்.

சங்கு ஊதியது. ஷிப்டு முடிந்ததென்று நினைத்து, தலையெல்லாம் பஞ்சோடு இளவட்டங்கள் கேட்டைத் தாண்டி வந்தார்கள். செவனம்மாள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் போட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“எட்டாவதுக்கு மேல யாரும்மா படிக்க வச்சா? எல்லாம் இங்கதான் வந்துச்சுங்க.”

அதற்குள் சூப்பர்வைசர் மறுபடி சங்கை ஊதிவிட்டான். வந்தவர்கள் உள்ளே திரும்பினார்கள். அங்கி காலைத் தடுக்கத் தடுக்க, பொடிசுகளும் அண்ணன் அக்காமார் பின்னாலேயே மில்லுக்குள் வரிசையாக நடந்தன.