பெடலில் வைத்த கால்

ஒரு காலத்தில் ஒரு பழைய பச்சைக் கார் இருந்தது. மெக்கானிக் கடை எந்தப் பக்கம் என்றே அதற்குத் தெரியாது. என்ன கோளாறு வந்தாலும் சொந்தக்காரர் வேதரத்தினமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துவிடுவார். அவர் யாரிடமும் தொழில் படித்ததில்லை. கழற்றுவார், உற்றுப் பார்ப்பார், மாட்டுவார். ஒரு திருகு மிச்சம் விழுந்தால் மறுபடியும் கழற்றுவார். இப்படியே முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

அந்தக் காரில் பிரேக் பெடலுக்கு மட்டும் ஒரு தனிப் பெருமை உண்டு. மற்ற வேலைகளுக்கெல்லாம் வேதரத்தினம் ஒருவர் போதும். பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பிரேக் ஆயில் ஓடும் வழியைப் பிரித்து மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்ற, ஒருவர் சக்கரத்தருகே படுத்து ஒரு சின்னத் திருகைத் திறக்க வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும்.

மிதித்தது அவர் மனைவி கமலா. முருங்கைக்கீரைத் தட்டோடு வந்து டிரைவர் சீட்டில் உட்காருவாள். "மிதி" என்றால் மிதிப்பாள். "பிடிச்சுக்கோ" என்றால் அழுத்தியபடியே கீரை ஆய்வாள். "விடு" என்றால்தான் காலை எடுப்பாள்.

"இன்னும் எவ்வளவு நேரங்க? கீரை தீர்ந்துபோச்சு."

"இன்னொரு சக்கரம் பாக்கி இருக்கு."

"முதல்லயே சொல்லியிருந்தா வெங்காயத்தையும் எடுத்துட்டு வந்திருப்பேன்ல?"

கமலா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் சிந்திய கீரை இலை ஒன்று காய்ந்து, பெடலுக்குக் கீழே மூலையில் இன்னும் கிடந்தது. பெடல் அதைப் பார்த்துக்கொண்டே நாளை ஓட்டியது.

அப்போதுதான் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது. வேதரத்தினம் பிரித்து, வாஷர் மாற்றி, சுத்தமாக மாட்டினார். ஆனால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரை இறங்கியது.

அன்று காலை அவர் காரில் சாய்ந்து நின்றபடி போனில் மகளிடம் பேசினார். "சரிம்மா. பிரேக் இல்லாத வண்டியை வெச்சுக்கிட்டு நானும் என்ன பண்ணப்போறேன்? இன்னிக்கு ஒரு நாள் பாக்குறேன். சரியாகலேன்னா சாயங்காலம் காயலான் கடைக்காரரை வரச் சொல்லிடறேன்."

காருக்குள் இருந்தவற்றுக்கெல்லாம் அது காதில் விழுந்தது.

"கேட்டீங்களா?" என்றது கிளட்ச். "சாயங்காலமாம்."

"அதுக்குள்ள கிளம்பி எங்கயாவது ஓடிடுவோம்!" என்றது ஆக்சிலரேட்டர்.

"ஓடிட்டு? நிக்கிறது யாரு?" என்றது பெடல்.

வேதரத்தினம் தோட்டத்திலிருந்து ஒரு வேப்பங்கட்டையை எடுத்து வந்தார். ஒரு முனையைப் பெடலில் ஊன்றி, மறுமுனையை சீட்டில் முட்டுக்கொடுத்தார்.

"கவலைப்படாதே," என்றது கட்டை, பெடலின் நெஞ்சில் ஏறி நின்றபடி. "நான் பிடிச்சா உடும்புப் பிடி."

"உன் பேர் என்ன?"

"கட்டைக்கு ஏது பேரு? வேலையைப் பாரு."

வேதரத்தினம் சக்கரத்தருகே போய்ப் படுத்தார். திருகில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியை ஊறுகாய் பாட்டிலில் விட்டார். ஸ்பேனர் மெல்லத் திருகைத் திறந்தது. ஆயில் கொஞ்சம் பாய்ந்தது. பெடல் சரசரவென்று கீழே இறங்கியது. கட்டை இறங்கவில்லை. பிடிப்பு விட்டு, சாய்ந்து, தரையில் விழுந்தது. பெடல் துள்ளி மேலே வந்தது. வெளியே போக இருந்த காற்று திரும்பவும் உள்ளே இழுக்கப்பட்டது.

அவர் எழுந்து வந்து கட்டையை மறுபடி ஊன்றினார். மறுபடி விழுந்தது. ஐந்தாவது தடவையில் அவர் நெற்றி வியர்வையோடு கிரீஸும் சேர்ந்து வழிந்தது.

"உடும்புன்னே?" என்றது பெடல்.

"நீ நின்ன இடத்துல நிக்காம கீழே போனா நான் என்ன செய்றது?"

"பிடிக்கிறதுன்னா அதுதான்ப்பா. அவர் அங்க திறக்கும்போது நான் இறங்குவேன். கூடவே இறங்கணும். அவர் மூடுற வரைக்கும் அங்கயே இருக்கணும். அந்த அம்மா அப்படித்தான் இருந்தாங்க."

பிரேக் குழாய்க்குள்ளிருந்து காற்றுக்குமிழி ஈனக்குரலில் பேசியது. "எல்லாரும் என்னையே திட்டுறீங்க. நானா வந்தேன்? இடம் காலியா இருந்துச்சு, வந்தேன். எனக்கு மட்டும் இங்க அடைஞ்சு கிடக்க ஆசையா? திறக்கும்போது பிடிக்க ஆளில்லை. நான் எப்படிப் போவேன்?"

ஸ்பேனர் சொன்னது: "பக்கத்து வீட்டு உமாபதியைக் கூப்பிட்டா வருவார். ஆனா இவர் கூப்பிடமாட்டாரே."

அது உண்மைதான். உமாபதி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கமலா போன பிறகு மூன்று தடவை வாசலுக்கு வந்தார். மூன்று தடவையும் வேதரத்தினம் கேட்டின் தாழ்ப்பாளைத் திறக்காமலே, "எல்லாம் நல்லாருக்கு உமாபதி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான்காவது தடவை அவர் வரவில்லை.

ஆறாவது முறையாகக் கட்டை ஊன்றப்பட்டது. பிறகு, "பெடலே," என்றது. "எனக்கு வழுக்கத்தான் வரும்னு தெரிஞ்சுபோச்சு. எந்தப் பக்கம் வழுக்கணும்னாவது சொல்லு."

பெடல் மேலே பார்த்தது. ஸ்டியரிங் நடுவே ஹாரன் தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம்."

திருகு திறந்தது. பெடல் இறங்கியது. கட்டை ஒரு குதி குதித்து, ஸ்டியரிங் வளையத்துக்குள் சிக்கி, ஹாரனை அமுக்கிக்கொண்டு நின்றது. எட்டு மாதமாக வாய் திறக்காத ஹாரன் தெருவே அதிரக் கத்தியது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பாதி முகத்தில் ஷேவிங் சோப்பு நுரையோடு உமாபதி ஓடிவந்தார்.

"என்ன சார் இது! ஊரைக் கூட்டுறீங்க? நான் கன்னத்தை அறுத்துக்க இருந்தேன்!"

வேதரத்தினம் எழுந்து வந்து கட்டையைப் பிடுங்கினார். ஹாரன் நின்றது. "ஒண்ணுமில்லை உமாபதி. எல்லாம் நல்லா…"

கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே நுரை வழிய நின்ற மனிதரைப் பார்த்தார்.

"ஒண்ணும் நல்லால்ல," என்றார். போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். "கொஞ்சம் பெடலை மிதிக்கணும். வர்றீங்களா?"

"இதுக்கா சார் இத்தனை சத்தம்? நகருங்க."

உமாபதி சீட்டில் உட்கார்ந்ததும் ஸ்பிரிங்குகள் முனகின. வேதரத்தினம் சக்கரத்தருகே படுத்தார்.

"மிதிங்க."

"ரைட்!"

"பிடிச்சுக்கங்க. கீழே போகும். போனா நீங்களும் கூடவே போகணும். எடுத்துடாதீங்க."

"முப்பது வருஷம் படிக்கட்டுல தொங்கினவன்கிட்ட சொல்றீங்களா? நீங்க திறங்க."

ஸ்பேனர் திறந்தது. பெடல் இறங்கியது. கால் கூடவே இறங்கியது. தரை வரை போய் அங்கேயே இருந்தது. குமிழி குழாய் வழியே ஓடி, பாட்டிலில் ஒரு முறை பொங்கி, "வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனது. அதன் பின்னால் இன்னும் பல குமிழிகள் போயின.

திருகு மூடியது. "விடுங்க" என்றார் வேதரத்தினம்.

நான்கு சக்கரமும் முடிந்தபோது உமாபதியின் கன்னத்தில் நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பெடல் பழையபடி பாதியிலேயே நின்று இறுகியது. வேதரத்தினம் மகளைக் கூப்பிட்டு, "சாயங்காலம் காயலான் கடைக்காரர் வரவேண்டாம்மா. நானும் உமாபதியும் வண்டியை எடுத்துக்கிட்டு ஆத்துப்பாலம் வரைக்கும் போயிட்டு வர்றோம்" என்றார்.

உமாபதி முகம் கழுவப் போன நேரத்தில் கிளட்ச் பெடலின் பக்கம் சாய்ந்தது. "உண்மையைச் சொல்லு. அந்த அம்மா கால் மாதிரி இருந்துச்சா?"

பெடல் மூலையில் கிடந்த கீரை இலையைப் பார்த்தது. அதன் மேல் ஒரு சொட்டு சோப்பு நுரை விழுந்திருந்தது.

"இல்லை," என்றது. "இது வேற கால். கனம் ஜாஸ்தி. ஆனா, விடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்கலை."