ஊர்தோறும் முரசு

முன்னொரு காலத்தில், தாம் தூங்கி எழுவதே நாட்டுக்குப் பெரிய செய்தி என்று நினைத்த அரசர் ஒருவர் இருந்தார். மணிமார்பர் என்று பெயர். ஒருநாள் சபையில் ஆணையிட்டார்: "சூரியன் உதிக்கும்போது நாம் கண் விழிக்கிறோம். அந்த நேரத்தில் எல்லை வரையுள்ள ராஜபாட்டையில் ஊர்தோறும் முரசு ஒலிக்க வேண்டும்!"

"உத்தரவு, பிரபு. ஊருக்கொரு காளையைப் பிடித்துவந்து, தோலை உரித்து, ஊருக்கொரு முரசு செய்துவிடுகிறேன்" என்றார் அமைச்சர் அகோரசிவம்.

அதுவோ உழவுக் காலம். பாட்டையோரத்து இருபது ஊர்க் காளைகளும் அரண்மனைத் தொழுவத்துக்கு வந்துவிட்டன. விகடகவி வேம்படியான் அந்தப் பக்கம் போனபோது, பூவாத்தாள் என்ற உழவுக்காரி தன் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஒத்த மாட்ட வச்சுக்கிட்டு எப்படிச் சாமி உழுவேன்?"

வேம்படியானுக்கு அன்று விகடமே வரவில்லை. நேரே அரசரிடம் போய்க் காளைகளுக்காகக் கெஞ்சினான்.

அவன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த அமைச்சர் குறுக்கிட்டார். "கிடங்கில் பழைய முரசுகள் நான்கு கிடக்கின்றன, பிரபு. அவற்றைக் கொண்டே விகடகவியார் ஆணையை நிறைவேற்றட்டும். ஓர் ஊர் விட்டுப்போனாலும் நாட்டை விட்டுப் போகட்டும்!"

"அமாவாசை வரை தவணை" என்றார் அரசர்.

வேம்படியான் ஒரு முரசை அரண்மனை வாசலில் அடிக்கச் சொல்லிவிட்டு, எதிர்க்காற்றில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தான். ஓசை தேயும் இடம் வந்ததும் நின்றான். முரசின் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்று தெரிந்துவிட்டது.

பிறகு பாட்டையின் முதல் ஊருக்குப் போனான். 'இங்கேயே முரசை வைத்தால் பாதி ஓசை பின்னாலிருக்கும் காட்டுக்கல்லவா வீணாய்ப் போகும்?' அந்த ஊருக்குக் கேட்கிற கடைசி இடம்வரை முன்னால் நடந்து, வயல் நடுவே பரண் கட்டி முரசை ஏற்றினான். முன்பக்கமும் அதே தூரம் ஓசை போனது. வழியிலிருந்த ஊர்களெல்லாம் அதற்குள் அடங்கின. ஓசை எட்டாத அடுத்த ஊர் எதுவென்று பார்த்தான். அங்கிருந்தும் அதே கணக்கு. நான்காவது முரசை ஏற்றியபோது எல்லைக்கல் கண்ணில் பட்டது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

அமாவாசையன்று அரசர் ஊர்தோறும் ஒரு காவலனை நிறுத்தினார். அமைச்சரோ அவரைப் பூவாத்தாளின் ஊருக்கே அழைத்துவந்துவிட்டார்.

"பாருங்கள் பிரபு, இங்கே முரசே இல்லை!"

சூரியன் தலைகாட்டியது. தொம், தொம், தொம் என்று முரசு தெளிவாகக் கேட்டது.

"அது இந்த ஊர் முரசு அல்ல! எங்கோ வயலில் நிற்பது!" என்று கத்தினார் அமைச்சர்.

கூடவே வந்திருந்த வேம்படியான் கைகூப்பினான். "ஊர்தோறும் முரசு ஒலிக்க வேண்டும் என்பதே ஆணை, பிரபு. ஊர்தோறும் முரசு இருக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லை. ஆணை காதுக்கு, அமைச்சர் கண்ணால் தேடுகிறார்."

குதிரைகளில் வந்திறங்கிய காவலர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் "எங்கள் ஊரில் கேட்டது" என்றார்கள்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் பொற்காப்பைக் கழற்றி வேம்படியான் கையில் பூட்டினார். "அகோரசிவம், காளைகளை நீரே ஓட்டிப்போய் ஊர் ஊராக ஒப்படைத்துவிட்டு வாரும்!"

மறுநாள் விடியலில் முரசு ஒலித்தபோது, பூவாத்தாள் இரண்டு காளைகளையும் ஏரில் பூட்டிக்கொண்டிருந்தாள்.